போர்டு ‘என்.ஏ.என்.ஏ.’ என்று எழுதிவிட்டால்: பிடிஎஸ்டி, மனநோய், டிஸபிலிட்டி பென்ஷன் (முழு இழை)

வெலிங்டன்_கிளார்க் (இழை தொடக்கம்)

வணக்கம். ராணுவம், கடற்படை, விமானப்படையிலிருந்து பிடிஎஸ்டியோடு (பெரும் அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பின் வரும் மனநோய்), அல்லது சேவைக்காலத்தில் வந்த வேறு மனநோயோடு வெளியே வந்தவர்களின் டிஸபிலிட்டி பென்ஷனுக்கு மட்டும் இந்த இழை.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். டிஸபிலிட்டி பென்ஷனில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சர்வீஸ் எலிமென்ட், மற்றது டிஸபிலிட்டி எலிமென்ட். முழு சேவையும் முடித்தவருக்கு முதல் பகுதி எப்படியும் சர்வீஸ் பென்ஷனாக வந்துவிடும். சண்டை முழுக்க இரண்டாவது பகுதிக்குத்தான். அது கிடைக்க இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நோய் சேவையால் வந்ததா, அல்லது சேவையால் கூடியதா? பாதிப்பு எத்தனை சதவீதம்?

முதல் கேள்விக்கு மெடிக்கல் போர்டு ‘இரண்டும் இல்லை’ என்று எழுதினால் அதுதான் என்.ஏ.என்.ஏ. கை கால் காயத்தில் இந்த வார்த்தை அதிகம் வராது, ஏனென்றால் இன்ஜுரி ரிப்போர்ட் இருக்கும். மனநோயில்தான் இது வந்து விழுகிறது. காரணம் நோயின் தன்மை மட்டும் அல்ல, காகிதம் இல்லாததும்தான். போர்டு உட்காரும் அன்று மேஜையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு எழுதப்படும். ஆகவே போர்டுக்கு முன்னால் செய்ய வேண்டியதை முதலில் பேசுவோம், அப்பீலைப் பிறகு பார்க்கலாம்.

மனநலப்பிரிவு_செவிலி

நல்ல தொடக்கம் சார். மருத்துவமனைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மனநலப் பிரிவில் சேர்த்தவுடன் யூனிட்டிலிருந்து ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10 என்ற படிவம் கேட்பார்கள். கமாண்டிங் ஆபீசர் நிரப்ப வேண்டியது. ஆள் வேலையில் எப்படி இருந்தார், நடத்தையில் எப்போதிலிருந்து மாற்றம், குடிப்பழக்கம் உண்டா, சமீபத்தில் ஏதாவது சம்பவத்தில் சிக்கினாரா, வீட்டில் பிரச்சினையா என்பதெல்லாம் அதில் வரும். பல யூனிட்டில் கம்பெனி கிளார்க் பழைய படிவத்தைப் பார்த்து இரண்டு வரியில் முடித்துவிடுவார். ‘குடும்பப் பிரச்சினை’ என்று ஒரு சொல் விழுந்தால் போதும், கடைசி போர்டு வரைக்கும் அதே சொல் ஒவ்வொரு காகிதத்திலும் நகல் எடுக்கப்பட்டுக்கொண்டே வரும். ஸ்பெஷலிஸ்ட்டின் கருத்தும் அதையே பிடித்துக்கொள்ளும்.

அதனால் அந்தப் படிவம் போகும் முன்பே சீனியர் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) மூலமாகவோ அட்ஜுடன்ட் (யூனிட்டின் நிர்வாக அதிகாரி) மூலமாகவோ உண்மை விவரம் போய்ச் சேர வேண்டும். எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, பக்கத்தில் யார் விழுந்தது, உடலை யார் தூக்கிவந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது. எதையும் கூட்ட வேண்டாம். ஆனால் நடந்தது விடுபடக் கூடாது.

ஸ்பெஷலிஸ்ட்டிடம் பேசும்போதும் ‘தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கனவில் அதே சம்பவம் திரும்ப வருகிறதா, பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறதா, அந்த இடத்தையோ அந்தப் பேச்சையோ தவிர்க்கிறாரா, எப்போதும் கதவைப் பார்த்தே உட்காருகிறாரா என்று தனித்தனியாகச் சொன்னால்தான் எஃப் 43.1 என்ற குறியீட்டில் பிடிஎஸ்டி என்று பதிவாகும். இல்லையென்றால் ‘அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்’ அல்லது ‘டிப்ரஷன்’ என்று போய்விடும். பிறகு சம்பவத்தோடு நோயை இணைப்பது கடினம்.

திண்டுக்கல்_ராஜி

அக்கா, ஒரு சந்தேகம். ஃபீல்டில் (போர், எல்லைப் பகுதியில்) இருந்தபோது மருத்துவமனைக்கே போகவில்லை. பீஸ் ஸ்டேஷனுக்கு (அமைதிப் பகுதி முகாமுக்கு) வந்து பல மாதம் கழித்துத்தான் சேர்த்தார்கள் என்றால்? ‘ஆன்செட் இன் பீஸ் ஸ்டேஷன்’ (நோய் அங்கேதான் தொடங்கியது) என்று எழுதித் தள்ளிவிடுவார்கள் என்கிறார்களே.

மனநலப்பிரிவு_செவிலி

ராஜி, மிகச் சரியான கேள்வி. மறுக்கப்படும் கேஸ்களில் அடிக்கடி வரும் வரியே அதுதான்.

பிடிஎஸ்டி சம்பவம் நடந்த அன்றே முழுசாக வெளிப்பட வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்வதில்லை. சில வாரம் முதல் சில மாதம் வரை இடைவெளி இருக்கும். 6 மாதம் கடந்து முழு வடிவம் எடுப்பதைத் தாமத வெளிப்பாடு என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆபத்து இருக்கும் வரை உடம்பு தாங்கிக்கொண்டு நிற்கும். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகுதான் பலருக்குச் சரிவு தெரிகிறது.

ஆகவே காகிதத்தில் இரண்டு தேதிகள் பிரிந்து தெரிய வேண்டும். அறிகுறி முதலில் தொடங்கிய தேதி ஒன்று, மருத்துவமனையில் முதலில் சேர்த்த தேதி இன்னொன்று. போர்டு படிவத்தில் அவரே எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்டில் ‘நோய் எங்கே, எப்போது தொடங்கியது’ என்ற கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அட்மிஷன் தேதியைப் போட்டு, பீஸ் ஸ்டேஷன் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். அங்கேயே கேஸ் பாதி போய்விடும். அறிகுறி தொடங்கிய இடத்தை எழுத வேண்டும். அதற்குத் துணையாக எம்.ஐ. ரூம் (யூனிட் மருத்துவ அறை) சிக் ரிப்போர்ட், லீவில் ஊருக்கு வந்தபோது காட்டிய தனியார் டாக்டர் சீட்டு, தூக்க மாத்திரை வாங்கிய பில், அந்தக் காலத்தில் கூட இருந்த இருவரின் பிரமாண வாக்குமூலம் எது கிடைத்தாலும் சேர்க்க வேண்டும்.

வெலிங்டன்_கிளார்க்

போர்டு டாக்டர்கள் எதைப் பார்த்து முடிவு எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ‘கைடு டு மெடிக்கல் ஆபீசர்ஸ் (மிலிட்டரி பென்ஷன்ஸ்)’ 2002-ல் வந்து 2008-ல் திருத்தப்பட்டது; 2023 விதிகளுக்கு முன் வெளியே வந்தவர்களுக்கு இதுதான் அடிப்படை. அதில் பத்தி 54 மனநோய்களுக்கானது. அதைப் படிக்காமல் அப்பீல் எழுதவே கூடாது.

சாரம் இது. காம்பட் ஏரியா (தீவிரவாத எதிர்ப்புப் பணியான கவுன்டர் இன்சர்ஜென்சியும் சேர்த்து), உயர்மலைப் பகுதி, மிகத் தனிமையான போஸ்ட், கடல் பணி, முக்குளிப்பு அல்லது நீர்மூழ்கி விபத்து, உயிரிழப்பு நடந்த எம்.டி. (ராணுவ வாகன) விபத்து, விமான விபத்து, பூகம்பம், புயல், சுனாமி மீட்பில் சடலங்களைக் கையாண்ட பணி ஆகியவற்றில் இருந்தபோதோ அவற்றில் ஈடுபட்டபோதோ நோய் வந்தால் சேவையால் வந்தது என்று ஏற்க வேண்டும். சேவையால் ஏற்பட்ட பெரிய காயம் (கால் இழப்பு, முதுகுத்தண்டு பாதிப்பு, கடுமையான தலைக்காயம் போன்றவை) நடந்து ஓராண்டுக்குள் மனநோய் வந்தாலும் அப்படியே.

‘கூடியது’ என்று ஏற்க வேறு வழிகள் உண்டு. மனைவி அல்லது பிள்ளை மரணம், ஒரே மகனாக இருப்பவரின் பெற்றோர் மரணம், குடும்பத்தினர் மீது கொடூரக் குற்றம், சொந்த ஊரில் இயற்கைப் பேரிடர் போன்ற நேரத்தில் பணி நெருக்கடி காரணமாக லீவு மறுக்கப்பட்டு, அதிலிருந்து 3 மாதத்துக்குள் நோய் வந்தால் அது ஒன்று. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: ஏற்கெனவே மனநோய் என்று கண்டறிந்து, பணிக் கட்டுப்பாடும் விதித்த பிறகு, அந்த ஆளையே திரும்ப ஃபீல்டுக்கோ, உயர்மலைக்கோ, கப்பலுக்கோ அனுப்பி நோய் மோசமானால் அதுவும் ‘கூடியது’தான். லோ மெடிக்கல் கேட்டகரியில் எஸ்-2 அல்லது எஸ்-3 (மனநலம் குறைந்த தரங்கள்) கொடுத்த தேதியையும் அதற்குப் பிந்தைய போஸ்டிங் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறெதுவும் இல்லாத கேஸ்கூட இதில் நிற்கும்.

21.9.2023 அன்று புது என்டைட்டில்மென்ட் ரூல்ஸ் (பென்ஷன் தகுதி விதிகள்) வந்தது. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குக் கணக்கு அதன்படிதான். இன்வாலிட் ஆகி (உடல், மன நிலை காரணமாகச் சேவையிலிருந்து அனுப்பப்பட்டு) வந்தவருக்கு டிஸபிலிட்டி பென்ஷன் தொடர்கிறது. சேவை முடித்து நோயோடு வெளியேறுபவருக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்ற பெயரில் வேறு தலைப்பு. பழைய தேதிக்காரர்கள் புது விதியையும், புதியவர்கள் பழைய தீர்ப்பையும் கலந்து அப்பீல் எழுதினால் திரும்பி வரும்.

தஞ்சை_சுபேதார்

கிளார்க் சார் விளக்கம் பிரமாதம். ஆனால் இவ்வளவு தேவையா? 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால் நல்ல உடல், மனநிலையில் சேர்ந்ததாகத்தான் கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது. இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதாதா?

வழக்குக்கட்டு

சுபேதார் ஐயா, போதாது. மனநோய்க்கு அந்த ஒரு தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போய்த் தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

தரம்வீர் சிங் வழக்கு வலிப்பு நோய் பற்றியது. அதே ஆண்டு வீர் பால் சிங் வழக்கில், ஸ்கிட்சோஃப்ரினியா என்று போர்டு சொன்ன கருத்துக்குக் காரணம் எழுதப்படவில்லை என்று கோர்ட் கண்டித்து மறுபரிசோதனைக்கு அனுப்பியது. இரண்டும் நமக்குச் சாதகம். ஆனால் 3.10.2019 அன்று நர்சிங் யாதவ் வழக்கில் கோர்ட் வேறு விதமாகச் சொன்னது. சேரும்போது நடக்கும் பரிசோதனையில் மனநோயைக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே குறிப்பு இல்லை என்பதாலேயே சேவையால் வந்தது என்று தானாக ஆகிவிடாது என்று. அரசுத் தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

விதியும் மாறியிருக்கிறது. 1982 என்டைட்டில்மென்ட் விதிகளில் நியாயமான சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு என்று இருந்தது. 2008 விதிகளில் சேவைக்காலத்தில் நோய் தெரிந்தது என்பது மட்டும் போதாது, பணிச்சூழலோடு காரணத் தொடர்பு வேண்டும் என்று வந்துவிட்டது. வெளியே வந்து 15 ஆண்டு கழித்துக் கோரினால் நிரூபிக்கும் பொறுப்பே கோருபவருக்கு மாறிவிடும்.

ஆகவே ‘நல்ல நிலையில் சேர்ந்தார்’ என்ற அனுமானம் மனுவில் இரண்டாவது வாதமாக இருக்கட்டும். முதல் வாதம் பத்தி 54-ல் எந்த வரியில் இந்த ஆள் பொருந்துகிறார் என்பதாக இருக்கட்டும். அதோடு போர்டின் காரணப் பத்தியை எடுத்து, அதில் மருத்துவக் காரணம் இருக்கிறதா, வெறும் முத்திரை வாசகமா என்று காட்ட வேண்டும். ‘கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர், நாட் கனெக்டட் வித் சர்வீஸ்’ (உடலமைப்பால் வந்த நோய், சேவையோடு தொடர்பில்லை) என்று ஒரே வரி இருந்தால் அது காரணம் அல்ல.

தஞ்சை_சுபேதார்

புரிந்தது. சங்கத்தில் நாங்கள் கொடுக்கும் மாதிரி மனுவில் அனுமான வாதம்தான் முதல் பத்தி. மாற்றிவிடுகிறேன்.

கோவை_நாயக்

சதவீதக் கணக்கை யாராவது எண்ணோடு சொல்லுங்கள்.

வெலிங்டன்_கிளார்க்

100 சதவீதப் பாதிப்புக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் (எம்.எஸ்.பி. என்ற ராணுவச் சேவை ஊதியம், குரூப் பே சேர்த்து) 30 சதவீதம் டிஸபிலிட்டி எலிமென்ட். குறைந்தால் அதற்கேற்ப. உதாரணமாகக் கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் 100 சதவீதத்துக்கு 18,000. போர்டு 40 சதவீதம் போட்டிருந்தால் 7,200. ஆனால் ரவுண்டிங் ஆஃப் உண்டு. 50-க்குக் கீழே இருப்பது 50 ஆகும், 50 முதல் 75 வரை 75 ஆகும், 76 முதல் 100 வரை 100 ஆகும். ஆகவே 40 என்பது 50 ஆகி மாதம் 9,000, அதன் மேல் டி.ஆர். (அகவிலை நிவாரணம்). இந்தச் சலுகை முதலில் இன்வாலிட் ஆனவர்களுக்கு மட்டும் இருந்தது. 10.12.2014 ராம் அவதார் தீர்ப்புக்குப் பிறகு சேவை முடித்து வந்தவர்களுக்கும் உண்டு. இதெல்லாம் 2023 விதிகளுக்கு முந்தைய ஆட்களுக்கான கணக்கு.

சேவை முடித்து வந்தவருக்கு 20 சதவீதம் கீழ் எல்லை. ‘15 முதல் 19’ என்று போர்டு எழுதினால் ஒன்றும் வராது. இன்வாலிட் செய்து அனுப்பப்பட்டவர் என்றால், 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பின்படி வீட்டுக்கு அனுப்பும் அளவு பாதிப்பு 20-க்கு மேல்தான் என்று கொள்ள வேண்டும். எனவே பென்ஷன் புத்தகத்தில் ‘இன்வாலிடட் அவுட்’ என்று இருக்கிறதா, ‘டிஸ்சார்ஜ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். லோ மெடிக்கல் கேட்டகரியில் இருந்து, ஷெல்டர்ட் அப்பாயின்ட்மென்ட் (அந்த நிலைக்கேற்ற இலகுவான பணி) இல்லை என்று அனுப்பியிருந்தால் 1982 விதி 4-ன்படி அதுவும் இன்வாலிட்மென்டுக்குச் சமம்.

மனநலப்பிரிவு_செவிலி

குடி பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பிடிஎஸ்டி உள்ள பலர் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குகிறார்கள். யூனிட் கண்ணுக்குத் தெரிவது குடி மட்டுமே. ‘ஆல்கஹால் டிபெண்டன்ஸ் சின்ட்ரோம்’ என்று மட்டும் பதிவானால் பென்ஷன் கிடைக்காது. மிதமிஞ்சிய குடியால் வந்த பாதிப்புக்கு விதியிலேயே இடம் இல்லை.

செய்ய வேண்டியது: இரண்டு நோயும் தனித்தனிக் கண்டறிதலாக, தனித்தனிச் சதவீதத்தோடு போர்டில் வர வேண்டும். குடிக்கு முன்பே பிடிஎஸ்டி அறிகுறி இருந்தது என்பதற்குத் தேதி வேண்டும். குடியை விட்டு சில மாதம் கழித்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் நிற்கவில்லை என்ற ஓ.பி.டி. குறிப்பு மிகப் பெரிய ஆதாரம். குடியை மறைத்துப் பேசினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள், மருத்துவமும் தப்பாகப் போகும். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

இன்னொன்று. மருந்து சாப்பிட்டுக் குணம் தெரிந்தால் சதவீதம் குறைந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கொடிய தவறு இல்லை. நிரந்தரம் என்று போட்ட சதவீதத்தை, நீங்களே மறுபரிசோதனை கேட்டாலொழிய, 2001 உத்தரவுக்குப் பிறகு திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அளப்பதில்லை. தொடர் சிகிச்சைச் சீட்டு அப்பீலில் உங்களுக்குப் பலம்தான். ராத்திரி தாங்க முடியாத நேரத்தில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

கோவை_நாயக்

சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ் வாங்கியவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்கிறார்களே?

வழக்குக்கட்டு

1.1.2006 அன்றோ அதற்குப் பிறகோ வெளியே வந்தவர்களுக்கு உண்டு. 29.9.2009 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக உத்தரவு. நோய் சேவையால் வந்தது அல்லது கூடியது என்று இருக்க வேண்டும்.

திண்டுக்கல்_ராஜி

அக்னிவீர் பிள்ளைகளுக்கு?

வெலிங்டன்_கிளார்க்

மாத பென்ஷன் இல்லை அம்மா. சேவையால் வந்த அல்லது கூடிய பாதிப்புக்கு ஒரே தடவை எக்ஸ்கிரேஷியா. 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். 4 ஆண்டு முடித்து வெளியே வந்த பிறகு மெல்ல வெளிப்படும் மனநோய்க்கு இந்த அமைப்பில் இடம் குறைவு. அதனால் அந்தப் பிள்ளைகள் சேவையில் இருக்கும்போதே அறிகுறியைப் பதிவு செய்வது மற்றவர்களைவிட முக்கியம்.

புதுகை_நண்பன்

வெளியே வரும்போது ஷேப்-1 (முழு ஆரோக்கியம் என்ற மருத்துவத் தரம்). நோயே பிறகுதான் தெரிந்தது. இவர்களுக்கு?

வழக்குக்கட்டு

போஸ்ட் டிஸ்சார்ஜ் கிளெய்ம் என்று தனி வழி உண்டு. 2008 விதிகளின்படி வெளியே வந்த 7 ஆண்டுக்குள் நோய் தோன்றி, சேவைச் சூழல் தொடங்கிவைத்த ஒன்றின் தாமத வெளிப்பாடு அது என்று மருத்துவ அதிகாரி ஏற்றால் கிடைக்கும். பிடிஎஸ்டி இந்த விதிக்கென்றே அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஆனாலும் மிகக் குறைவானவர்களே கேட்கிறார்கள். ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு (படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) மனு, கூடவே மனநல மருத்துவரின் விரிவான கருத்து. அந்தக் கருத்தில் எந்தச் சம்பவம், எப்போது முதல் அறிகுறி, இடையில் வேறு பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘பிடிஎஸ்டிக்குச் சிகிச்சை பெறுகிறார்’ என்ற ஒரு வரிச் சான்றிதழ் எந்தப் பயனும் தராது.

இனி அப்பீல். மறுப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல், அது தள்ளுபடியானால் 6 மாதத்துக்குள் இரண்டாவது. ரெக்கார்ட்ஸ் மூலமாகவே போகும். எழுதும் முன் ஆர்.டி.ஐ. போட்டு, 10 ரூபாய்க் கட்டணத்தில், இவ்வளவையும் கேளுங்கள்: சேரும்போது நடந்த பரிசோதனைத் தாள், எல்லா மெடிக்கல் போர்டு தாள்களும், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-10, ஸ்பெஷலிஸ்ட் கருத்து, போஸ்டிங் விவரம் (ஃபீல்டா பீஸா என்ற குறிப்போடு), மறுப்பு முடிவெடுத்த கோப்புக் குறிப்பு. 30 நாள் கெடு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுகிறார்கள். அந்தக் கெடுவை நெருங்குபவர்கள் இன்றே போடுங்கள்.

அப்பீலிலும் மறுத்தால் ஆம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல். நம்மவர்களுக்குச் சென்னை பெஞ்ச். 2007 சட்டத்தின் 22-வது பிரிவில் 6 மாதக் கெடு உண்டு. தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனு சேர்க்க வேண்டும். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் கதவை மூடுவதில்லை. ஆனால் அரியர்ஸ், 2008 தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய 3 ஆண்டுக்கு மட்டும் என்று வெட்டுவார்கள். ஒவ்வொரு வருடத் தாமதமும் ஒரு வருடப் பணம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். நால்சாவின் (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) வீர் பரிவார் சஹாயதா யோஜனா 2025 மூலம் சைனிக் போர்டு அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் தொடங்கப்பட்டிருக்கின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தஞ்சை_சுபேதார்

ஆர்டர் கிடைத்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் இ-பி.பி.ஓ. (மின்னணுப் பென்ஷன் ஆணை) திருத்தி வரும். அதில் நான்கு இடங்களைச் சரிபாருங்கள். டிஸபிலிட்டி சதவீதம் ரவுண்டிங்குக்குப் பிந்தைய எண்ணா, தொடங்கும் தேதி ஆர்டரில் சொன்னதா, ‘ஃபார் லைஃப்’ என்று இருக்கிறதா, டி.ஆர். டிஸபிலிட்டி எலிமென்டுக்கும் சேர்ந்ததா. 40 சதவீதத்தையே போட்டுவிட்டு 50-ஐ மறக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. தளத்திலேயே குறைதீர் பகுதியில் ஆர்டர் நகலோடு போடலாம். டிரிப்யூனல் கொடுத்த கெடு தாண்டியும் பணம் வரவில்லை என்றால் ஆர்டரை நிறைவேற்றக் கோரும் எக்ஸிக்யூஷன் மனு. மறு வழக்கு தேவையில்லை.

100 சதவீதம் என்று இருந்து, ஆள் துணை இல்லாமல் இருக்க முடியாது என்று போர்டு எழுதியிருந்தால் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தனியாகக் கேட்க வேண்டும். ஏழாவது சம்பளக் கமிஷனில் அது மாதம் 6,750 ரூபாய் என்று வைக்கப்பட்டது. கேட்காமல் வராது.

திண்டுக்கல்_ராஜி

அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை என்றால் மனைவி போடலாமா?

வழக்குக்கட்டு

2017 மனநலச் சட்டத்தில் ‘நியமனப் பிரதிநிதி’ என்பது சிகிச்சை முடிவுகளுக்கு மட்டுமே, பென்ஷன் மனுவுக்குச் செல்லாது. அவர் தெளிவாக இருக்கும் நாளில், டாக்டர் முன்னிலையில், அப்பீலில் அவரே கையெழுத்திடுவது சுலபமான வழி. அதற்கும் முடியாத நிலை என்றால் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் பெற்று, அந்த உத்தரவோடு ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள் ராஜி. அதற்கிடையில் 6 மாதக் கெடு ஓடிவிடாமல் இருக்க, அவருடைய நிலையையும் மருத்துவச் சான்றையும் வைத்து ஒரு கடிதம் இன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமத மன்னிப்பு மனுவில் அந்த ரசீதுதான் முதல் ஆவணம்.